வெறும் பீங்கான்

வெள்ளவத்தை
12 மார்ச் 2024

திலக்ஷன்,

நேற்று டொக்டர் இராஜநாயகத்தின் அறையில் நான் சொல்லாமல் விட்டது இது: நீ எழுத்தில்லாமல் படமாக வரைந்த மருந்து உறை உன் அம்மாவுக்கு விளங்கவில்லை.

நீ உறையை அவருடைய மேசையில் வைத்துவிட்டு, "டொக்டர், எங்கம்மா ஸ்கூல் பக்கமே போனதில்ல. அவங்களுக்கே வெளங்குது. இதுக்கு மேல என்னா டெஸ்ட் வேணும்?" என்றாய். அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தடவிக்கொண்டு, "அப்ப இருபத்தஞ்சாம் திகதி பிரஸ்ஸுக்குக் குடுப்பம். மூண்டு கிளினிக்குக்கும் ஒரேயடியா அடிப்பம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மிஸ் ஒண்டும் கதைக்கேல்லயே?" என்று கேட்டார். நான் சிரித்தேன். படிக்கட்டில் இறங்கும்போது நீ என்னிடம் சண்டை பிடித்தது அந்தச் சிரிப்புக்காகத்தான். ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லாமல் சிரித்துக்கொண்டு மரக்கட்டை மாதிரி இருந்தேனாம்.

நம் டிசைன் ஸ்டூடியோவின் பிரிட்ஜ் கதவில் நீயே எழுதி ஒட்டிய விதி ஒன்று இருக்கிறது. ஒருவரின் வேலையில் மற்றவர் குறை கண்டால் திகதி போட்டுக் கடுதாசியில் எழுத வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் வாய் திறக்கக்கூடாது. மூன்று வருடமாக அந்த விதிப்படி நடந்திருக்கிறேன். இந்தக் கடுதாசியும் அந்த விதிப்படிதான். காலையில் உன் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை, கொப்பியில் தினமும் பார்த்து வரையும் என் அன்றாடப் பக்கத்துக்காக உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ ஜிம்முக்குப் போயிருந்தாய். அம்மா குசினியில் நின்றார். கிளினிக்கில் முப்பது பேருக்குக் கொடுத்துப் பார்க்கும் நம் மாதிரி உறைகளில் இரண்டு அவரிடம் இருந்தன. சோறு நிறைந்த பீங்கான் தட்டின் படம் போட்ட உறையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வெறும் வயிற்றில் விழுங்கினார். பாணும் பருப்பும் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு வெறும் பீங்கான் போட்ட உறையைத் திறந்தார்.

வெறும் பீங்கான் என்றால் வெறும் வயிறு என்று நீ நினைத்து வரைந்தாய். அம்மா இரண்டையும் மாற்றி எடுக்கிறார். நான் அங்கேயே சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பீங்கான்ல சோறு இருந்தா இன்னும் சாப்பிடல. காலின்னா சாப்பிட்டாச்சி. இதுல என்னா புள்ள கஷ்டம்? எம் மகன் வரஞ்சது எனக்குத் தெரியாதா?"

நான் மருந்துகளின் பெயரைச் சொல்லி விளக்கினேன். "சரி சரி" என்றார். நம்பவில்லை.

அச்சுக்குப் போகுமுன் இதை நிறுத்து.

உஷாந்தி


கொட்டாஞ்சேனை
14 மார்ச் 2024

மிஸ் உஷாந்தி சிவபாலன் அவர்களுக்கு,

கடுதாசி கிடைத்தது. நீங்கள் விதியை இவ்வளவு பக்தியோடு பின்பற்றுவது தெரிந்திருந்தால் பிரிட்ஜில் பூவும் வைத்திருப்பேன். வாட்ஸ்அப்பில் உங்களைத் தடுத்துவிட்டேன். ஸ்டூடியோவின் பூட்டையும் மாற்றியாயிற்று. இனி எதுவானாலும் தபாலில் எழுதுங்கள்.

ஒரே ஒரு கேள்வி. சனிக்கிழமை காலை பார்த்தீர்கள். திங்கட்கிழமை கூட்டம். நடுவில் ஞாயிறு என்று ஒரு நாள் இருந்தது. என் அம்மா மருந்தை மாற்றி விழுங்குவதை இரண்டு கண்ணாலும் பார்த்த ஒருவருக்கு எனக்கு ஒரு போன் கோல் எடுக்கத் தோன்றவில்லை. படம் வரையத் தோன்றியது. பெரிய டிசைனர்தான்.

அந்த விதி ஏன் வந்தது என்று நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. முதல் வருடம், அந்த வங்கிக்காரர்களின் முன்னால், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே என் ஆங்கிலத்தைத் திருத்தினீர்கள். ஆறு பேர் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அன்றைக்குத்தான் அதை எழுதி ஒட்டினேன். என் அம்மாவைக் காப்பாற்றுவதற்கு எதிராக எழுதவில்லை.

இன்னொன்று. உங்கள் கொப்பிகளில் எத்தனை பக்கத்தில் என் அம்மா இருக்கிறார்? அவருடைய கை, கால் வெடிப்பு, அவர் சட்டி தேய்க்கும் விதம். அவரிடம் கேட்டுத்தான் வரைந்தீர்களா? காலி வீதிக்கு மேலே பல்கனி வைத்த வீட்டில் இருந்து இறங்கி, மட்டக்குளி பஸ் ஏறி வந்து, ஏழைகள் சாப்பிடுவதை அரை மணித்தியாலம் பார்த்துவிட்டுப் போவதற்குப் பெயர் ஆராய்ச்சி. அந்தக் கிளினிக் வரிசையில் நிற்பவர்களோடு நான் பிறந்து வளர்ந்தேன். எனக்கு அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும்.

நேற்று அம்மாவிடம் நேரடியாகவே கேட்டேன். உறையைக் காட்டி, "ஏம்மா, இது வெளங்குதா?" என்றேன்.

"வெளங்குது மகேன். ஒங் கையால வரஞ்சது எனக்கு வெளங்காமப் போவுமா?"

"வெறும் பீங்கான்னா சாப்புடுறதுக்கு முன்னாடிதானே?"

"ஆமாய்யா."

போதுமா? அச்சு இருபத்தைந்தாம் திகதி.

ச. திலக்ஷன்


வெள்ளவத்தை
16 மார்ச் 2024

திலக்ஷன்,

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

ஞாயிறு பகல் மூன்று தரம் உன் இலக்கத்தை எடுத்தேன். ஒவ்வொரு தரமும் போனைக் கீழே வைத்தேன். நீ அந்தக் கூட்டத்தில் அம்மாவின் பெயரைச் சொல்லி விற்பாய் என்று எனக்குத் தெரியும்; ஒரு மாதமாக அந்த வசனத்தைக் கண்ணாடிக்கு முன்னால் பழகிக்கொண்டிருந்தாய். நீ அதைச் சொல்லும்போது அது பொய் என்று தெரிந்தவளாக உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டேன். விதி எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். டொக்டர் கேட்டபோது சிரித்தேனே, அது சந்தோஷத்தில் வந்த சிரிப்பு. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி நீ எழுத முடியாது என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

அம்மாவிடம் கேட்காமல் வரைந்ததும் உண்மை.

ஆனால் நான் கெட்டவளாக இருப்பதால் உன் உறை நல்லதாகிவிடாது.

நீ அம்மாவிடம் கேட்ட விதத்தைப் பார். "சாப்புடுறதுக்கு முன்னாடிதானே?" பதிலைக் கேள்விக்குள் சுற்றிக் கையில் கொடுத்திருக்கிறாய். எந்தத் தாய் தன் மகனின் படம் விளங்கவில்லை என்று சொல்வாள்? போன வருடம் அந்தக் கல்லூரியில் டிசைன் திங்கிங் பற்றி இரண்டு மணித்தியாலம் பேசினாய். "பயன்படுத்துறவங்கள்ட்ட கேக்காதீங்க, பாருங்க. வாய் மரியாதைக்குப் பேசும், கை பேசாது" என்றாய். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன். மேடையில் சொன்னதை உன் குசினியில் ஒரு தரம் செய்து பார்.

உனக்கு அவர்களைத் தெரியும் என்கிறாய். தெரிந்திருந்தது. நாம் தொடங்கிய காலத்தில் தினமும் காலையில் ஒரு பக்கம், அழிறப்பர் இல்லாமல், மனிதர்கள் தங்களுக்கென்று எதையாவது மாற்றி வைத்திருப்பதைப் பார்த்து வரைய வேண்டும் என்று நீதான் சொன்னாய். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைக்காரர் ஒருவர் தலைச்சும்மாட்டுக்குள் போனைச் செருகி ஸ்பீக்கரில் கதைத்துக்கொண்டு போனதை நீ வரைந்த பக்கத்தை நான் இன்னும் நினைத்துப் பார்ப்பதுண்டு. அதில் பொறாமைப்பட்டுத்தான் நானும் ஒழுங்காக வரையத் தொடங்கினேன்.

போன ஜூலைக்குப் பிறகு நீ எதையும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஏழு பக்கத்தையும் ஒரே மூச்சில் நிரப்பி ஏழு திகதி போடுகிறாய். ஏழு நாளும் ஒரே பேனை, மை ஒரே இடத்தில் மெல்லியதாகிக்கொண்டு போகிறது. மழை நாளிலும் நிழல் விழுந்திருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. விதிப்படி எழுதியிருக்கலாம்; எழுதவில்லை. நீ விழுவதைப் பார்க்க எனக்கு அப்போதே ஆசை இருந்ததோ என்னவோ.

அம்மா மெஸ்ஸுக்கு வேலைக்குப் போகுமுன், நாலே முக்காலுக்கு, குசினியில் நில். எதுவும் கேட்காதே. ஒரு நாள் போதும்.

உஷாந்தி


கொட்டாஞ்சேனை
21 மார்ச் 2024

உஷாந்தி,

நேற்று நின்றேன். போன் சார்ஜ் போடுவது மாதிரி கதவுக்குப் பின்னால்.

சோற்றுப் பீங்கான் உறையை முதலில் எடுத்தார். விழுங்கினார். பாண் சாப்பிட்டார். பிறகு மற்றது. எழுதியிருந்த மாதிரியே. பத்து நிமிடம் கழித்து வாசலில் குந்தி வடிகானுக்குள் ஓங்காளித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைக் கண்டுவிட்டார். "என்னாய்யா, தூக்கம் வரலியா? ஒண்ணுமில்ல, வாயு" என்றார். மூன்று கிழமையாக அதே வாயு. மெஸ்ஸில் இரண்டு நாள் உட்கார்ந்து இட்லி அவித்திருக்கிறார், எழும்ப முடியாமல். எனக்குச் சொல்லவில்லை. சீனி வருத்தத்துக்குத் தரும் மாத்திரை அப்படித்தான் செய்யும் என்று நினைத்தாராம். மாத்திரைகளை நானே எடுத்து வெள்ளைக் கடுதாசியில் சுற்றி, ஒன்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முடிச்சு இருப்பது சாப்பிட முதல்.

பிரஸ்ஸுக்குப் போய் நிறுத்தினேன். இப்ஹாம் நானா அச்சுப் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன திலக், ரெண்டு நாளைக்கு முந்தி அவசரம் அவசரம் எண்டு உசிர வாங்கினீங்களே வாப்பா?" என்றார். பிழை இருக்கிறது என்றேன். அந்த மனிதர் கேட்கவில்லை என்ன பிழை என்று. அதற்கு நன்றி.

பிறகு டொக்டரிடம் போனேன். இதை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்வது நல்லது. அந்தப் பீங்கான் படங்களை வரைந்தது நீ என்று சொன்னேன். நான் அம்மாவிடம் சோதித்துப் பிழையைக் கண்டுபிடித்ததாகச் சொன்னேன்.

அந்த அறையில் அம்மாவைச் சாட்சிக்கு இழுத்தவன் நான். அதே நாற்காலியில் இருந்து "எங்கம்மாவுக்கு வெளங்கல, நான் பொய் சொன்னேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. டொக்டர், "அந்த மிஸ்ஸா? அதுதான் அண்டைக்கு ஒண்டும் கதைக்காம இருந்தவ" என்றார். நான் மறுக்கவில்லை.

நீ மறுத்து எழுதலாம். எழுதினால் அவர் இரண்டு பேரையும் துரத்திவிட்டுப் பழையபடி ஆங்கிலத்தில் கிறுக்கிய பிரவுண் உறைக்கே போவார், அதையும் யோசித்துக்கொள். ஏப்ரல் பத்துக்குள் புது வரைவு கேட்டிருக்கிறார்.

நீ விட்டுப்போன கொப்பிகளைத் திறந்தேன். கேட்காமல்தான். ஜனவரிக் கொப்பியில், அம்மா மருந்தை எங்கே வைக்கிறார் என்று வரைந்திருக்கிறாய். சாப்பிட முதல் எடுப்பதைச் சோற்றுப் பானை மூடியின்மேல். பிறகு எடுப்பதைக் குழாய்க்குப் பக்கத்தில், சவர்க்காரப் பெட்டிக்குள். இது உறை வருவதற்கு முன்பு. அப்போது சரியாகத்தான் எடுத்திருக்கிறார். நான்தான் குழப்பியிருக்கிறேன்.

அதிலிருந்து புதிதாக வரைந்தேன். மூடிய பானை, சாப்பிட முதல். குழாயின் கீழே கை, சாப்பிட்ட பிறகு. நகல் இத்துடன் இருக்கிறது. நீ அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்று அனுப்பவில்லை. திருடினேன் என்று பிறகு சொல்லாமல் இருக்க அனுப்புகிறேன்.

திலக்ஷன்


வெள்ளவத்தை
25 மார்ச் 2024

திலக்ஷன்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்றைக்கே டொக்டருக்கு ஒரு மறுப்பு எழுதினேன். இரண்டு பக்கம். நல்ல தமிழ். திகதி வாரியாக, என் கொப்பியிலிருந்து பக்க எண்களோடு. அதைப் பையில் வைத்துக்கொண்டு அவருடைய வீட்டு வாசல் வரை போனேன். அவருடைய மனைவி கேட்டுக்கு அருகில் நின்று, "என்ன பிள்ளை, கிளினிக் விசயமோ? இண்டைக்கு அவருக்கு ஓய்வு" என்றார். "சும்மா இந்தப் பக்கம் வந்தனான்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நீ மிரட்டியதால் நான் திரும்பவில்லை. நீ எழுதியது சரியாக இருந்ததால் திரும்பினேன். நாம் இரண்டு பேரும் அவருக்கு முன்னால் மாறி மாறிப் பொய்யர் ஆனால், அவர் கிறுக்கல் உறைக்குப் போவார். முடிச்சுப் போட்ட கடுதாசியை உன் அம்மா எத்தனை நாளைக்கு நம்புவார்? வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் மகன் இல்லை. மறுப்பைக் கிழித்துவிட்டேன். உன்னை மன்னித்ததாக இதை எடுத்துக்கொள்ளாதே. நீ செய்தது திருட்டு. கொப்பியைத் திறந்ததை நான் சொல்லவில்லை; நான் கண்ட பிழையை நீ கண்டதாகச் சொன்னதைச் சொல்கிறேன்.

இனி வரைவு. கேட்கவில்லை என்றாய், ஆனாலும் எழுதுகிறேன்.

பானை சரி. மூடி இன்னும் கனமாக இருக்கட்டும். இப்போது தேநீர்க் கேத்தல் மாதிரித் தெரிகிறது. குழாயின் கீழே கை பிழை. கையைச் சாப்பிட முதலும் கழுவுவோம், பிறகும் கழுவுவோம். திரும்பவும் அதே கிணற்றில் விழப்போகிறாய். நீ கரண்டியால் சாப்பிடுபவனைப் போல யோசிக்கிறாய், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவனே.

பன்னிரண்டு பேரிடமாவது சோதி. கிளினிக்கில், செவ்வாய்க்கிழமை. இரண்டு உறையிலும் மாத்திரைக்குப் பதில் ஒவ்வொரு வெல்லக் கட்டி போட்டுக் கொடு. பக்கத்தில் ஒரு பிஸ்கட்டை வை. எப்போது எதை எடுக்கிறார்கள் என்று பார். உன் வாயைத் திறக்காதே. இதை நான் சொல்லித் தெரிய வேண்டியவன் இல்லை நீ, அதுதான் எனக்கு அருவருப்பு.

அம்மாவைப் போன புதன்கிழமை மெஸ்ஸுக்கு அருகில் கண்டேன். அவரை வரைந்த பக்கங்களைக் கிழித்துக் கொண்டுபோயிருந்தேன். கேட்காமல் வரைந்ததற்கு மன்னிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "என்னா புள்ள, இவ்வளவு கெழவியாவா இருக்கேன்?" என்றார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார். எதை வைத்துக்கொண்டார் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அது அவருடையது.

என் மீதிக் கொப்பிகளை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பு.

உஷாந்தி


கொட்டாஞ்சேனை
10 ஏப்ரல் 2024

உஷாந்தி,

பதினான்கு பேர். குழாயும் கையும் உள்ள படத்தை வைத்து முதல் செவ்வாய் சோதித்தேன். ஐந்து பேர் கையைக் கழுவிவிட்டு வந்து வெல்லத்தைச் சாப்பிட்டார்கள், பிஸ்கட்டைத் தொடுமுன்பே. ஒரு அக்கா, "தம்பி, கழுவுறதுக்குச் சவக்காரம் எங்க?" என்று கேட்டார். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

இரண்டாவது செவ்வாய், பீங்கானைக் கழுவும் படம். சாம்பலும் தேங்காய்த் தும்பும், கவிழ்த்த பீங்கானும். பதினான்கில் பதின்மூன்று பேர் சரி. பதினான்காவது ஆள் வெல்லத்தைப் பேரப்பிள்ளைக்கென்று சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

தினமும் காலையில் ஒரு பக்கம் வரைகிறேன். உனக்காக இல்லை. அழிறப்பரைத் தூக்கி எறிந்துவிட்டேன். மூன்று பக்கம் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. கை எல்லாம் மறந்திருக்கிறது.

டொக்டருக்கு உண்மையைச் சொல்ல ஒரு தரம் போனேன். அவர் பானைப் படத்தைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டி, "இதுதான் நான் சொன்னது, அம்மாவிட்ட படிச்சவன் படிச்சவன்தான்" என்றார். சொல்லாமல் திரும்பி வந்தேன். உனக்கு இது இனிக்கும் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன்.

கொப்பிகளை அனுப்பியிருக்கிறேன். பதினொன்று. ஜனவரிக் கொப்பியை நான் வைத்திருக்கிறேன்; கேட்டால் தருவேன்.

நன்றி என்று எழுதப் பார்த்தேன். இரண்டு தரம் வெட்டிவிட்டேன்.

திலக்ஷன்


வெள்ளவத்தை
2 ஜூலை 2024

திலக்ஷன்,

இன்று செவ்வாய்க்கிழமை என்பதால் கிளினிக்குக்குப் போயிருந்தேன். புது உறைகள் போன மாதத்திலிருந்தே கொடுக்கிறார்கள் என்று மருந்து கொடுக்கும் பிள்ளை சொன்னாள். வாங்குப் பலகையில் உட்கார்ந்து இரண்டு மணித்தியாலம் பார்த்தேன். வரையவில்லை. பானை உறையைக் கையில் வாங்கியவர்கள் அதை எதுவும் கேட்காமல் பைக்குள் போட்டார்கள். ஒருவர் மட்டும் கேட்டார், அவரும் விலையைத்தான் கேட்டார். இலவசம் என்றதும் மாத்திரைகளை இரண்டு தரம் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

உறையின் அடியில் சிறிய எழுத்தில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. டொக்டர் என்னைக் கண்டார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

ஜனவரிக் கொப்பி எனக்கு வேண்டாம். ஸ்டூடியோவிலிருந்து நான் விலகும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் நீ போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் காட்டியிருக்கிறேன்.

உஷாந்தி